12 சுற்று சூரிய நமஸ்காரத்தில் ஆரம்பிக்கலாமா? வயது 48, பி.பி. மாத்திரை உண்டு

சென்னிமலையான் · ஜூன் 22, காலை 7.10

நேற்று யோகா தினத்துக்கு எங்கள் குடியிருப்பில் பயிற்சி நடந்தது. "தினமும் 12 சுற்று சூரிய நமஸ்காரம் போதும், வேறெதுவும் தேவையில்லை" என்றார்கள். எனக்கு 48. கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலி. காலையில் ஆம்லோடிபின் 5 மி.கி. சர்க்கரை இல்லை. குனிந்தால் விரல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைதான் போகிறது. சம்மணம் போட்டால் இரண்டு முழங்காலும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. 12 சுற்று சரியா? இல்லையென்றால் எதில் ஆரம்பிப்பது?

ஆசனவழி · ஜூன் 22, காலை 8.45

இப்போதைக்கு 12 வேண்டாம், 2 சுற்றும் வேண்டாம்.

முதலில் தலை. 12 நிலைகளில் 3, 5, 8, 10 ஆகிய நான்கிலும் தலை இதயத்துக்கு நன்றாகக் கீழே போய்விடும். 12 சுற்றுக்கு 48 முறை தலை தாழ்ந்து எழும். பி.பி. மாத்திரை எடுப்பவர் குனிந்து சட்டென நிமிர்ந்தால் கண் இருட்டலாம். பத்து முறை தாங்கிய உடம்பு பதினோராவது முறை தடுமாறும்.

அடுத்தது தொடையின் பின்தசை. உங்களுக்கு அது இறுகியிருக்கிறது. நின்றபடி குனியும் பாதஹஸ்தாசனத்தில் (3, 10-ஆவது நிலைகள்) கையைத் தரைக்குக் கொண்டுபோக முயன்றால் இடுப்பு மடங்காது, அதற்குப் பதிலாகக் கீழ்முதுகு வளைந்து கொடுக்கும். அதையே 12 சுற்றில் 24 முறை செய்தால் இரண்டாம் வாரமே "யோகாவால் முதுகு வலி வந்துவிட்டது" என்று நிறுத்துவீர்கள். ஆரம்பிப்பவர்களில் பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று 6-ஆவது நிலை, அஷ்டாங்க நமஸ்காரம். மார்பையும் முகவாயையும் மெல்ல இறக்க மேல்கைக்கு வலு வேண்டும். அது இல்லாதவர்கள் பொத்தென்று விழுவார்கள், தோள்மூட்டும் மணிக்கட்டும் அடி வாங்கும்.

எதில் ஆரம்பிப்பது என்பதை மாலையில் எழுதுகிறேன். வகுப்பு இருக்கிறது.

கரும்புக்காடு · ஜூன் 22, காலை 9.30

அண்ணா, ஒரு சுற்று என்பதே இடத்துக்கு இடம் மாறும். சில பள்ளிகளில் வலக்கால் 12 அசைவு, இடக்கால் 12 அசைவு, ஆக 24 சேர்ந்தால்தான் ஒரு சுற்று. அந்தக் கணக்கில் 12 சுற்று என்றால் மேலே சொன்ன 48, 96 ஆகிவிடும். சொன்னவர்களிடம் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசனவழி · ஜூன் 22, இரவு 8.20

நல்ல திருத்தம். நான் எழுதியது 12 அசைவு ஒரு சுற்று என்ற கணக்கு.

முதல் 2 வாரம், ஒரு நாளைக்கு 20 நிமிடம், வாரம் 5 நாள்:

மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி, பாதம் தரையில். தலைக்குக் கீழே 2 விரல் கனத்துக்கு மடித்த துண்டு. மூக்கு வழியாக 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. 12 மூச்சு. ஒரு எண்ணிக்கை ஒரு விநாடி.

அப்படியே படுத்தபடி, மூச்சு உள்ளே போகப் போக இரண்டு கையையும் தலைக்குமேல் கொண்டுபோய், வெளியே விடும்போது திரும்பக் கொண்டு வாருங்கள். 6 முறை. கை தரையைத் தொடாவிட்டால் விட்டுவிடுங்கள், அமுக்க வேண்டாம்.

அபானாசனம்: முழங்கால் மேல் கை வைத்து, மூச்சை விடும்போது முழங்காலை மார்புப் பக்கம் இழுத்து, உள்ளே எடுக்கும்போது கை நீளும் அளவு தள்ளி. 8 முறை.

சேதுபந்தாசனம், அசைவாக: குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. மூச்சை எடுத்தபடி இடுப்பைத் தூக்கி, விட்டபடி மேல்முதுகு, நடுமுதுகு, இடுப்பு என்ற வரிசையில் இறக்குங்கள். 6 முறை. முடிந்ததும் மறுபடி அபானாசனம் 4 முறை. முதுகு ஒரு திசையில் வளைந்தால் எதிர்த் திசையில் அதைத் தணிக்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள்.

மண்டியிட்டு, கை ஊன்றி மார்ஜரி ஆசனம் (முதுகை மேலே தூக்கி, பிறகு இறக்கி மார்பை முன்னால் நீட்டுவது) 8 முறை.

எழுந்து, சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் தாடாசனம். மூச்சை எடுத்தபடி குதிகாலும் கையும் மேலே, விட்டபடி கீழே. 6 முறை.

நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 6 முறை. இதை யோகா இல்லை என்பார்கள். நாற்காலியில் உட்கார்வதுபோல் முழங்கால் மடக்கி நிற்கும் உத்கடாசனத்துக்குப் படி இதுதான்.

கடைசியில் சவாசனம் 5 நிமிடம். எழும்போது நேராக நிமிர வேண்டாம். வலப்பக்கம் திரும்பி, கை ஊன்றி, உட்கார்ந்து, 3 மூச்சு விட்டுப் பிறகு நில்லுங்கள்.

சென்னிமலையான் · ஜூன் 23

மிக்க நன்றி. இவ்வளவு மெதுவாகச் செய்தால் பலன் இருக்குமா? வேர்க்கவே வேர்க்காது போலிருக்கிறதே. தரையில் இறங்குவதும் எழுவதுமே சிரமம், அதற்கு வழி சொல்லுங்கள்.

இயன்முறை_மதுரை · ஜூன் 23

தரைக்கு இறங்குவது: நாற்காலியின் பக்கவாட்டில் நின்று ஒரு கையை இருக்கையில் ஊன்றுங்கள். வலு குறைந்த காலைப் பின்னால் வைத்து அந்த முழங்காலை மடித்த துணிமேல் இறக்குங்கள், பிறகு அடுத்த முழங்கால், பிறகு இரண்டு கையும் தரையில், ஒரு பக்கமாக இடுப்பைச் சாய்த்து உட்காருங்கள். எழும்போது இதே வரிசை தலைகீழாக, வலுவான கால் முன்னே. முழங்கால் மேல் கையை அமுக்கி எழும் பழக்கத்தை விடுங்கள். முழங்கால் சில்லின் பின்னால் வலி இருப்பவர்களுக்கு அது வலியைக் கூட்டும்.

வேர்வை பற்றி: மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் பலருக்கு இது தெரியும். வெளிமூச்சை நீட்டினால் மெதுவாகும் நேரமும் நீள்கிறது. 4-க்கு 6 என்றால் 10 விநாடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு 6. சும்மா இருக்கும்போது நாம் விடுவது 12 முதல் 18. உங்கள் பி.பி.க்கு இந்த 20 நிமிடத்தில் அதிகம் வேலை செய்வது இதுதான், ஆசனம் இரண்டாவது.

வடிவு · ஜூன் 24

தம்பி, 4-6 எல்லோருக்கும் ஒத்து வராது. 6 எண்ணி முடித்ததும் அடுத்த மூச்சை அவசரமாக, வாய் திறந்து இழுக்கத் தோன்றினால் 6 உங்களுக்கு அதிகம். 3-க்கு 4 என்று குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை மூச்சுக்கு அடங்கட்டும், மூச்சை எண்ணிக்கைக்கு அடக்காதீர்கள். மூக்கு அடைத்திருக்கும் நாளில் எண்ணவே வேண்டாம்.

ஆசனவழி · ஜூன் 24

வடிவு அக்கா சொல்வதுதான் சரி. நான் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிட்டேன்.

குழலி · ஜூன் 26

இடையில் ஒரு கேள்வி. சாப்பிட்டதும் வஜ்ராசனம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் செரிமானம் நன்றாகும் என்று அத்தை சொல்கிறார். எனக்கு 10 நிமிடத்திலேயே பாதம் மரத்துப்போகிறது. பழகினால் சரியாகுமா?

இயன்முறை_மதுரை · ஜூன் 26

மரத்துப்போவதைப் பழக்கத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், எலும்புக்கு மேலாகவே ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைக்கு அதுதான் கட்டளை கொண்டுபோகிறது. மணிக்கணக்கில் மண்டியிட்டு உட்கார்ந்தால் அது நசுங்கி, நடக்கும்போது பாதம் தொங்கிப்போகலாம். 1971-இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் இதை யோகாவின் பெயரைச் சேர்த்தே பதிவு செய்திருக்கிறார்கள்.

3 நிமிடம் போதும். கெண்டைக்காலுக்கும் தொடைக்கும் நடுவில் ஒரு தலையணை, கணுக்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு. மரப்பு ஆரம்பித்த உடனே காலை நீட்டிவிடுங்கள். முழங்காலில் வீக்கமோ சவ்வுக் கிழிசலோ இருந்தால் வஜ்ராசனமே வேண்டாம். சாப்பிட்டபின் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், இல்லாவிட்டால் 10 நிமிடம் மெதுவாக நடங்கள்.

வடிவு · ஜூன் 26

சென்னிமலை தம்பிக்கும் இது பொருந்தும். ஆம்லோடிபின் எடுப்பவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீங்கிய கணுக்கால்மேல் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். வீக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆசனத்தால் அதை வடிக்கப் பார்க்காதீர்கள்.

சம்மணத்துக்கு: கம்பளியை 4 அங்குலம் உயரும்படி மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தால்தான் முதுகு தானாக நிமிரும். தாழாவிட்டால் இன்னும் 2 அங்குலம் ஏற்றுங்கள். தரையோடு ஒட்டி உட்கார்ந்து முதுகைக் கூனிக்கொண்டு தியானம் செய்வதில் பயனில்லை.

சென்னிமலையான் · ஜூலை 3

10 நாள் ஆயிற்று. இரண்டு சிக்கல். சேதுபந்தத்தில் தொடையின் பின்பக்கம் சுருட்டி இழுக்கிறது. மார்ஜரியில் மணிக்கட்டு வலி.

ஆசனவழி · ஜூலை 3

தொடை இழுப்புக்குக் காரணம் பாதம் தூரமாக இருப்பது. ஒரு சாண் என்று ஆரம்பித்தாலும் செய்யச் செய்ய முன்னால் வழுக்கிப் போயிருக்கும். பாதத்தை அருகே இழுத்து, தூக்குமுன் பிட்டத்தை இறுக்கி, குதிகாலை ஊன்றித் தூக்குங்கள். பாதி உயரம் போதும். பிட்டம் வேலை செய்யாவிட்டால் அந்த வேலையும் பின்தசையின் தலையில் விழும், அது சுருண்டுகொள்ளும்.

மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழே இருக்கிறதா பாருங்கள். முன்னால் தள்ளி வைத்தால் அதிகம் மடங்கும். விரல்களை விரித்து, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியை அழுத்துங்கள். அப்படியும் வலித்தால் பாய் விளிம்பை இரண்டு சுருட்டு சுருட்டி உள்ளங்கையின் அடிப்பகுதி அதன்மேல் வரும்படி வையுங்கள், கை மடங்கும் கோணம் குறையும். இல்லையென்றால் முஷ்டி பிடித்து ஊன்றுங்கள்.

கரும்புக்காடு · ஜூலை 3

எந்தப் பாய்? பவானி ஜமுக்காளத்தையோ கோரைப்பாயையோ டைல்ஸ் தரையில் விரித்துச் செய்தால் கை முன்னால் வழுக்கும், மணிக்கட்டில் எடை ஏறும். 6 மி.மீ. ரப்பர் பாய் வாங்குங்கள், ஜமுக்காளத்தை மடித்து முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். 12 மி.மீ. பாய் மெத்தென்று இருக்கிறதே என்று வாங்காதீர்கள், ஒற்றைக்காலில் நின்றால் கணுக்கால் ஆடும்.

குழலி · ஜூலை 5

கரும்புக்காடு சொன்னதைப் பார்த்துக் கேட்கிறேன். அம்மாவுக்கு 67. எலும்புத் தேய்மானம் என்று மாத்திரை தருகிறார்கள். ஒரு கண்ணில் கண்நீர் அழுத்தம், சொட்டு மருந்து விடுகிறார். மார்ஜரியும், ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனமும் செய்யலாமா?

இயன்முறை_மதுரை · ஜூலை 5

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எலும்புத் தேய்மானம் என்று இரண்டு நோயைச் சொல்கிறோம். மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்பின் அடர்த்தி குறைவது வேறு. அறிக்கையில் அடர்த்திக் குறைவு என்றிருந்தால் முதுகைக் கூன்வைத்து முன்னால் குனியும் எதுவும் கூடாது: பஸ்சிமோத்தானாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம், மார்ஜரியில் முதுகை மேலே தூக்கும் பாதி. கூன் விழும்போது முள்ளெலும்பின் முன்விளிம்பில் சுமை ஏறி, அது நசுங்கி முறியலாம். பெரிய விழுகையே வேண்டியதில்லை. மார்ஜரியில் முதுகைச் சமமாக வைத்து மார்பை மட்டும் முன்னால் நீட்டும் பாதியைச் செய்யட்டும்.

கண் அழுத்தம்: தலைகீழ் நிலை எதுவும் வேண்டாம். 2015-இல் வெளிவந்த ஒரு நியூயார்க் ஆய்வில் 4 நிலைகளில் கண் அழுத்தத்தை அளந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஏறியது. அதிகம் ஏறியது, சூரிய நமஸ்காரத்தில் நாம் பர்வதாசனம் என்று சொல்லும் அந்த மலை வடிவ நிலையில். கண்நீர் அழுத்தம் இல்லாதவர்களுக்கும் ஏறியது. சுவரில் கால் தூக்கிப் படுக்கும் விபரீதகரணியும் அந்த 4-இல் ஒன்று. "சும்மா படுப்பதுதானே" என்று அதைச் செய்ய விடாதீர்கள்.

விருட்சாசனம் அவசியம் செய்யட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் 65 தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி வாரம் 3 நாளாவது வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சுவருக்கு முதுகு காட்டி 10 செ.மீ. தள்ளி நின்று, முன்னால் ஒரு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்ளலாம். பாதத்தை மற்றக் காலின் கணுக்காலில் வைத்தால் போதும், கட்டைவிரல் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். ஒரு காலுக்கு 5 மூச்சு. முழங்காலின் பக்கவாட்டில் பாதத்தை வைக்கக் கூடாது, மூட்டு உள்பக்கம் தள்ளப்படும்.

நெல்மணி · ஜூலை 11

அப்பா திருமந்திரம் படிப்பவர். பிராணாயாமத்துக்கு அளவு 16, 64, 32 என்று தெளிவாக இருக்கிறதே, 4-6 எல்லாம் எதற்கு என்கிறார். நான் செய்து பழகலாமா?

வடிவு · ஜூலை 11

அப்பா சொல்லும் அளவு சரி. மூன்றாம் தந்திரத்தில் பூரகம் (உள்ளே இழுப்பது) 16, கும்பகம் (உள்ளே நிறுத்துவது) 64, ரேசகம் (வெளியே விடுவது) 32 என்று வருகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. மொத்தம் 112 மாத்திரை, அதாவது கால அளவு. மாத்திரைக்கு ஒரு விநாடி வைத்தால் ஒரு மூச்சு முடிய 1 நிமிடம் 52 விநாடி. நிமிடத்துக்கு 15 மூச்சு விடும் நுரையீரலை அதில் நிறுத்தினால் கழுத்து புடைக்கும், பி.பி. ஏறும், அடுத்த மூச்சு பிய்த்துக்கொண்டு வரும். யோகத்தின் எட்டு உறுப்பு வரிசையில் பிராணாயாமம் நான்காவது. இயமம், நியமம், ஆசனம் கடந்து, குருவின் பார்வையில் வருடக்கணக்கில் ஏறி வந்தவருக்கான அளவு அது.

உங்களுக்கு நாடிசுத்தி, கும்பகம் இல்லாமல். வலக்கைக் கட்டைவிரல் வலமூக்குக்கு, மோதிரவிரல் இடமூக்குக்கு. மூக்கின் எலும்பு முடியும் இடத்தில் லேசாக அழுத்தினால் போதும், கிள்ளிப் பிடிக்க வேண்டாம். இடமூக்கில் 4 உள்ளே, வலமூக்கில் 4 வெளியே, வலமூக்கில் 4 உள்ளே, இடமூக்கில் 4 வெளியே. இது ஒரு சுற்று. 6 சுற்று. ஒரு மாதம் கழித்து வெளிமூச்சை மட்டும் 6 ஆக்குங்கள். கை வலித்தால் முழங்கையை இடக்கையால் தாங்கிக்கொள்ளுங்கள், தலையைக் கவிழ்க்காதீர்கள்.

கரும்புக்காடு · ஜூலை 12

மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். தொப்பையைக் கரைக்காது. வயிற்றுத் தசை இறுகும், கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் தனியாகக் கரைவதில்லை. அடங்காத பி.பி., குடலிறக்கம், வலிப்பு நோய், கர்ப்பம், வயிற்றில் புதிதாக அறுவை என்றால் செய்யக் கூடாது. செய்பவர்களும் தப்பாகத்தான் செய்கிறார்கள்: மூச்சை வெளியே தள்ளுவது மட்டும்தான் நம் வேலை, உள்ளே வருவது தானாக வர வேண்டும். இரண்டையும் வேகமாகச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குமேல் குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி குறுகுறுக்கும். அதைச் சக்தி ஏறுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நெல்மணி · ஜூலை 12

இன்னொன்று. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, கிளிமிபிரைடு போடுகிறார். வெறும் வயிற்றில்தான் யோகா என்கிறார்களே?

இயன்முறை_மதுரை · ஜூலை 12

இதை முதலிலேயே யாராவது எழுதியிருக்க வேண்டும். வெறும் வயிறு என்றால் முழுச்சாப்பாட்டுக்கு 3 மணி நேரம், இட்லி தோசைக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து என்று பொருள். விடிய விடியப் பட்டினி என்று பொருளில்லை. இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழலாம். ஆரம்பிக்கும்முன் விரல் குத்திப் பாருங்கள். 100-க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழமோ 3 பிஸ்கட்டோ சாப்பிட்டு 15 நிமிடம் கழித்துத் தொடங்கட்டும். கை நடுங்கினால், குளிர்ந்து வேர்த்தால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு.

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பயிற்சிக்குப் பின் உள்ளங்காலைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவருக்குத் தலை தாழும் ஆசனமும் மூச்சை அடக்குவதும் கூடாது.

சென்னிமலையான் · ஜூலை 29

5 வாரம். தொடை இழுப்பு போய்விட்டது. வீட்டில் அளந்தால் பி.பி. ஒரு நாள் 128, ஒரு நாள் 142 என்று குதிக்கிறது. எதை நம்புவது? மாத்திரையைக் குறைக்கலாமா?

ஆசனவழி · ஜூலை 29

மாத்திரையைத் தொடாதீர்கள். யோகாவால் மேல் எண்ணில் எதிர்பார்க்கக்கூடியது சராசரியாகச் சில புள்ளிகள்தான். அது உண்மையான பலன், ஆனால் 5 மி.கி.யை நிறுத்தும் அளவு அல்ல. குறைப்பது மருத்துவர் வேலை.

குதிப்பது பெரும்பாலும் அளக்கும் முறையால். அரை மணி நேரத்துக்கு முன் காப்பி கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மார்பு உயரத்தில் மேசைமேல். ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை அளந்து சராசரி எழுதுங்கள். பயிற்சி முடிந்த உடனே அளந்த எண்ணைச் சேர்க்காதீர்கள், அது உங்களை ஏமாற்றும்.

இயன்முறை_மதுரை · ஜூலை 30

நடையை விட்டுவிட்டீர்களா? நாம் சொல்லிக்கொடுத்த அளவு யோகா இதயத்துக்கு வேண்டிய உழைப்பைத் தராது. வாரம் 150 நிமிட வேக நடை தனிக் கணக்கு, அதற்கு இந்த யோகா ஈடாகாது. முதுகு வலிக்காரர்களுக்குக் கதை வேறு: 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பே செய்து பார்க்கக்கூடியவற்றில் யோகாவையும் சேர்த்தது. எந்த நோய்க்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் யோகா என்று சொல்வதால்தான் மருத்துவர்கள் நம்மை நம்ப மறுக்கிறார்கள்.

ஆசனவழி · ஜூலை 30

ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இரண்டு திருத்தம், ஜூன் 22 குறிப்புக்கு. சேதுபந்தத்தில் மூச்சை எடுத்தபடி தூக்கச் சொன்னேன். விட்டபடி தூக்கச் சொல்லும் பள்ளிகளும் உண்டு, அப்போது வயிற்றுத் தசை சேர்ந்து வேலை செய்யும். கீழ்முதுகில் பிடிப்பு வருபவர்கள் அப்படிச் செய்து பாருங்கள். அடுத்து, சவாசனத்திலிருந்து வலப்பக்கம் திரும்பச் சொன்னேன். கர்ப்பிணிகள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மாதம் ஏற ஏற அவர்கள் மல்லாந்தும் படுக்கக் கூடாது, சவாசனமே இடப்பக்கம் சாய்ந்து, முழங்கால் நடுவில் தலையணை வைத்துத்தான்.

சென்னிமலையான் · ஆகஸ்ட் 14

நடை ஆரம்பித்துவிட்டேன். விரல் இப்போது கெண்டைக்கால் நடு வரை போகிறது. சூரிய நமஸ்காரத்துக்கு எப்போது வரலாம்?

ஆசனவழி · ஆகஸ்ட் 14

மூன்று சோதனை. தரையிலிருந்து நாற்காலி பிடிக்காமல் எழ முடிகிறதா? சுவரில் கை ஊன்றி இடுப்பை மடக்கி, உடம்பை மேசைபோல் வைத்து 5 மூச்சு நின்று நிமிரும்போது தலை சுற்றாமல் இருக்கிறதா? சுவரில் கை வைத்துத் தண்டால் 8 எடுக்க முடிகிறதா? மூன்றும் ஆம் என்றால் நாற்காலியில் ஆரம்பிக்கலாம்.

நாற்காலி முறையில் தரைக்குப் பதில் இருக்கை. 3-ஆவது நிலையில் முழங்கால் லேசாக மடங்கி, கை இருக்கையில். 4-இல் ஒரு கால் பின்னால், முன்கால் முழங்கால் விரல் நுனியைத் தாண்டாமல். 5-இல் இரண்டு காலும் பின்னால், இடுப்பு மேலே, காது மேல்கைக்கு நேராக. தலை இதயத்துக்குக் கீழே ஆழமாகப் போகாது. 6-க்குப் பதில் முழங்கை மடக்கி மார்பைப் பாதி இறக்குங்கள். 7-இல் மார்பை நிமிர்த்துங்கள், கழுத்தைப் பின்னால் ஒடிக்க வேண்டாம். பிறகு வந்த வழியே திரும்புங்கள்.

முதல் வாரம் 2 சுற்று, இரண்டு காலுக்கும் ஒவ்வொன்று. சுற்று முடிந்ததும் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடிந்தால் அடுத்த வாரம் 4. தரைக்கு வருவதை 6 சுற்று எட்டிய பிறகு பேசலாம். அப்போதும் முழங்காலைத் தரையில் வைத்த பிறகே மார்பை இறக்குங்கள்.

கரும்புக்காடு · ஆகஸ்ட் 14

நாற்காலி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டாம். 5-ஆவது நிலையில் மொத்தத் தள்ளலும் அதன்மேல்தான், டைல்ஸில் வழுக்கி ஓடிவிடும். மரமோ இரும்போ, கைப்பிடி இல்லாதது, சக்கரம் இல்லாதது. முதுகுப் பக்கம் சுவரில் முட்டியிருக்கட்டும், நான்கு காலும் ரப்பர் பாய்மேல் நிற்கட்டும்.

சென்னிமலையான் · ஆகஸ்ட் 15

வீட்டில் தேக்கு நாற்காலி ஒன்று இருக்கிறது. சுவரோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். காலையில் 2 சுற்று செய்தேன், தலை சுற்றவில்லை.

வடிவு · ஆகஸ்ட் 15

முடித்ததும் சவாசனம் போட்டீர்களா தம்பி? 2 சுற்றுதான் என்றாலும் 5 நிமிடம் படுக்க வேண்டும்.